தவளையார் மூச்சை நிறுத்தும் இடம்

மெக்கானிக் அரம் போட்டுக்கொண்டிருந்தாள். இடது கையில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தகடு, வலது கையில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய அரம். தகட்டின் நடுவில் இருந்த நாக்கை இரண்டு இழுப்பு இழுப்பாள். சின்னத் தூரிகையால் தூளைத் தட்டுவாள். தட்டும்போது மட்டும் மூச்சை அடக்கிக்கொள்வாள், தூள் மூக்கில் ஏறக் கூடாது என்று. பிறகு தகட்டை உதட்டில் வைத்து ஊதுவாள். கொசுவுக்குச் சளி பிடித்தது போல ஒரு சத்தம் வரும். தலையைச் சாய்த்துக் கேட்பாள். சரியில்லை என்றால் மறுபடி அரம்.

நான் வாசலில் நின்று அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸாக முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் மூச்சை எண்ணிச் சம்பளம் வாங்கியவளுக்கு யாரைக் கண்டாலும் முதலில் நெஞ்சுக்குத்தான் பார்வை போகும். அவளுடையது நீளமான, அவசரமில்லாத மூச்சு. கையில் வேலை இருந்தால்தான் அப்படி. வேலை இல்லாவிட்டால் அவளும் எல்லோரையும் போலத்தான்.

"பெரியக்கா, கதவ மெதுவா சாத்துங்க. தூள் பறக்கும்."

"வந்தவங்கள வாங்கன்னு சொல்ற பழக்கமே கிடையாதா உனக்கு?"

"வாங்கன்னு சொன்னா நீங்க ஒரு வேலையோட வருவீங்க."

"வேலையோடதான் வந்திருக்கேன். ஏழாம் நம்பர் கட்டில் தலைப்பக்கம் ஏற மாட்டேங்குது."

"அதுக்கு வயசாச்சு."

"இங்க எல்லாருக்கும்தான் வயசாச்சு. அதுக்காக அப்படியே விட்டுடறதா?"

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. மேஜையில் அந்தத் தகட்டைப் போல இன்னும் ஐந்து தகடுகள், ஒரு பச்சை மழைக்கோட்டிலிருந்து வெட்டிய துணி, இரண்டு பெரிய கறுப்புப் பொத்தான்கள் கிடந்தன. என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"தவளை," என்றாள்.

எங்கள் முதியோர் இல்லத்தில் நாற்பது கட்டில்கள். படுத்தவரைத் தூக்கி உட்காரவைக்கும் மோட்டார் கட்டில்கள், ஆக்சிஜன் இயந்திரங்கள், சளி உறிஞ்சும் இயந்திரங்கள், சக்கர நாற்காலிகள் என்று ஓடுகிற சாமான் எதுவானாலும் அவள் பொறுப்பு. அவளுக்கு ஒரு பெயர் உண்டு, சம்பளப் பட்டியலில் மட்டும். மற்றபடி எல்லோருக்கும் மெக்கானிக்தான். இருபத்தெட்டு வயதில் வந்தாள். அதற்கு முன்பு, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கு ரப்பர் குமிழ் செய்கிற ஒரு தொழிற்சாலையில் இருந்தாள். கல்யாணம் ஆனதா என்று யாராவது கேட்டால், "ஆச்சு, அப்புறம் சரியாப் போச்சு," என்பாள், காய்ச்சலைச் சொல்வது மாதிரி. இல்லத்துக்குப் பின்னால், துணி துவைக்கும் அறையை ஒட்டிய இரண்டு அறை வீட்டில் அம்மாவோடு இருந்தாள். அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போனதும் இல்லத்திலேயே நான்காம் அறைக்குக் கொண்டுவந்தாள்.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது. அவள் மீட்டரை நம்ப மாட்டாள். ஒரு கட்டில் மேலே போகும்போது குலுங்குகிறது என்று சொன்னால், கட்டில் சட்டத்தில் ஒரு மெல்லிய குச்சியைக் கட்டுவாள், குச்சியின் நுனியில் பென்சில். பென்சிலுக்கு எதிரே கடைப் பில் அடிக்கிற காகிதச் சுருளை ஒரே வேகத்தில் இழுப்பாள். கட்டில் ஏற ஏற காகிதத்தில் கோடு விழும். "இந்தா, இங்க விக்குது," என்று கோட்டில் ஓர் இடத்தைக் காட்டுவாள். காட்டிய இடத்தில் பல்சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருக்கும். அவள் தவறியதை நான் பார்த்ததில்லை.

அவளுடைய அம்மா எட்டு மாதம் மூச்சுக்குத் திண்டாடினார். படுக்க முடியாது. மேஜைமேல் தலையணையை வைத்து, அதில் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே பகலும் இரவும். கடைசி இரண்டு நாள்தான் சாய்ந்து படுத்தார். இரண்டாம் நாள் பன்னிரண்டு மணிக்கு மெக்கானிக் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்துக் கட்டிலில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

"பெரியக்கா, அம்மா இப்ப நல்லா மூச்சு விடறாங்க, இல்ல?"

"ஆமா. நிம்மதியா தூங்கறாங்க. தூங்கட்டும்," என்றேன்.

எங்கள் தொழிலில் இப்படிச் சில வாக்கியங்கள் உண்டு. கை விரிப்பை இழுத்துச் செருகும்போது வாய் தானாகச் சொல்லும். அரை மணி கழித்துத் திரும்பி வந்தேன். அம்மாவின் வயிற்றின்மேல் அவளுடைய குச்சி கிடந்தது. பென்சில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, அவள் காகிதத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். கட்டில் மோட்டாருக்கு ஏதோ அளவு எடுக்கிறாள் போல என்று நினைத்து அடுத்த அறைக்குப் போய்விட்டேன். அன்று மாலை அம்மா போய்விட்டார்.

மெக்கானிக்கின் தம்பி மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். லாரி ஓட்டுகிறவன். நாற்பது வயதுக்கு மேல், தோள் கதவளவு இருக்கும். எட்டு நாள் தூரத்தில் இருந்தவன், அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்ற செய்தி கிடைத்ததும் எங்கும் தங்காமல் ஓட்டிவந்திருக்கிறான், ஆனாலும் ஒரு ராத்திரி பிந்திவிட்டான். அன்றிலிருந்து அவனுக்குப் படுத்தால் மூச்சு அடைத்தது. கண்ணை மூடினால் திடுக்கிட்டு எழுந்து, கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறப்பான். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு இதயம், நுரையீரல் இரண்டும் சுத்தம், இது பயம் என்றார். மூச்சுப் பயிற்சி எழுதிய ஒரு தாளைக் கொடுத்தார். நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு.

அக்கா வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவன் தூங்கப் பழகினான். தூக்கமென்றா சொல்வது, தலை ஆடும், அவ்வளவுதான். இரண்டு மாதம் பார்ப்பேன், அதற்குமேல் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டான். தூக்கமில்லாத ஆளிடம் யார்தான் லாரியைக் கொடுப்பார்கள்? நானாக இருந்தாலும் கொடுக்க மாட்டேன்.

"எண்ணச் சொன்னா அந்த எண்ணுலயே முட்டிக்கிறான் பெரியக்கா," என்றாள் மெக்கானிக். "நாலு வர்றதுக்குள்ள மூணு தடவ பயந்துடறான். சின்ன வயசுல மழை பெஞ்சா தவள மாதிரி கத்துவான். வீடே சிரிக்கும். அதான் ஒரு தவள பண்றேன். அது மூச்சு விடும், இவன் கூடவே விட்டா போதும். எண்ண வேண்டாம்."

"அது எந்த வேகத்துல விடும்?"

"அளவு இருக்கு," என்றாள். நான் மேலே கேட்கவில்லை. ஏழாம் நம்பர் கட்டிலைப் பற்றித்தான் மறுபடி நினைவுபடுத்தினேன்.

தவளை நன்றாக வந்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஒரு பூசணிக்காய் அளவு. உள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பலகைத் தட்டு, அதன் ஓரம் வட்டமாக இல்லாமல் மேடும் பள்ளமுமாக அறுக்கப்பட்டிருக்கும். சின்ன மோட்டார் அதை ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு சுற்று மெதுவாகச் சுற்றும். ஓரத்தில் ஏறி இறங்கும் ஒரு குச்சி, ஒரு துருத்தியைத் திறந்து மூடும். அந்தக் காற்றில் ஒலிக்கத்தான், கூடத்து மூலையில் எலி கடித்துக் கிடந்த ஆர்மோனியத்தின் பித்தளை நாக்குகளை அவள் ராவிக்கொண்டிருந்தாள். தட்டு மேடேறினால் தவளை மூச்சை இழுக்கும், மூன்று சுரம் மேலே போகும். பள்ளத்தில் இறங்கினால் மூச்சை விடும், மூன்று சுரம் கீழே வரும். தொண்டை பந்துபோல உப்பும், நிறைய உப்பினால் பொத்தான் கண் இரண்டும் முன்னே பிதுங்கும். முதல்முறை பார்த்தபோது தம்பி சிரித்துவிட்டான். அம்மா போன பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். மூன்றாம் நாள் அவன் படுத்தான். நான்காம் நாள் தூங்கினான்.

செய்தி பரவியது. நிர்வாகி ஐயா வந்து பார்த்துவிட்டு, மத்தியான ஓய்வு நேரத்துக்குக் கூடத்திலும் ஒன்று வேண்டும் என்றார். அதே தட்டை அச்சாக வைத்து இன்னொன்று அறுத்தாள். கூடத்தில் ஆறு கட்டில்கள், ஆறு பேரும் மூச்சுக்கு மருந்து எடுக்கிறவர்கள். அவர்கள் அதற்குத் தவளையார் என்று மரியாதை கொடுத்தார்கள்.

எனக்குக் காலை ஷிப்ட். ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவேன். தவளையார் ஓடுவதை ஓய்வு நேரத்தில் பார்த்தது கிடையாது. காலையில் கேள்விப்படுவதுதான்.

"தவளையார் சரியான ஆபீஸ்காரர் பெரியக்கா," என்று அந்த ஆறு பேரில் ஒருவரான கணக்கு வாத்தியார் ஒருநாள் சொன்னார். எதையும் எண்ணாமல் அவரால் இருக்க முடியாது, சோற்றுப் பருக்கையைக்கூட எண்ணுவார். "பன்னண்டு மூச்சு வேல பாப்பார். அப்புறம் இருபத்திரண்டு எண்ணுற வரைக்கும் லீவு."

"லீவுல நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நாங்களும் லீவுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். மருந்து ஊசியில் காற்றுக் குமிழைத் தட்டிக்கொண்டிருந்தேன், காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை.

பத்து நாள் கழித்து, மத்தியான வேலைக்கு வரவேண்டிய பெண் வரவில்லை. என்னை இருக்கச் சொன்னார்கள். இரண்டரை மணிக்குக் கூடத்துக் கதவைத் திறந்தேன். ஜன்னல் திரைகள் இழுத்திருந்தன. துணி வழியே வெளிச்சம் தேநீர் நிறத்தில் வந்தது. ஆறு பேரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். நடு மேஜையில் தவளையார் பாடிக்கொண்டிருந்தார். முதலில் சின்னதாக ஒரு மூச்சு. அடுத்தது கொஞ்சம் பெரிது. மூன்றாவதில் 'ம்' என்று ஒரு சின்ன விக்கல், சுரம் அங்கே மட்டும் உடைந்து ஒட்டியது. பிறகு பெரிது, இன்னும் பெரிது, கண் பிதுங்கியது. பிறகு குறைந்தது. இன்னும் குறைந்தது. கடைசி மூச்சு, காகிதம் நகரும் அளவு.

பிறகு ஒன்றும் இல்லை.

நான் ஆறு நெஞ்சையும் மாறிமாறிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. தையல்காரம்மாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது. பத்து. பதினைந்து. என் கையில் இருந்த தண்ணீர் ஜாடி கனத்தது. இருபத்திரண்டில் தவளையின் தொண்டை துளி உப்பியது, ஆறு நெஞ்சும் சேர்ந்து துளி ஏறின. அப்போதுதான் தெரிந்தது, அவ்வளவு நேரம் நானும் மூச்சு விடவில்லை.

அந்த மூச்சு எனக்குத் தெரியும். எத்தனையோ கட்டிலருகே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஏறி ஏறி, இறங்கி இறங்கி, நிற்கும். மறுபடி வரும். அது ஆரம்பித்தால் மகனுக்கும் மகளுக்கும் ஆள் அனுப்பச் சொல்வோம். பெரும்பாலும் இரண்டு நாள், சிலருக்கு மூன்று.

ஜாடியைக் கீழே வைத்துவிட்டு மேஜைக்குப் போய் மின்சாரக் கம்பியைப் பிடுங்கினேன். தவளை பாதி உப்பிய தொண்டையோடு நின்றது. ஆறு பேர் நிற்கவில்லை. ஏறினார்கள், மூன்றாவது மூச்சில் ஆறு தொண்டையிலும் 'ம்' என்றது, இறங்கினார்கள், நின்றார்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானியைத் தையல்காரம்மாவின் விரலில் மாட்டினேன். எண்பத்திரண்டு. தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே அவர் போனதே கிடையாது.

திரையை இழுத்துத் திறந்தேன். கையைத் தட்டினேன். "எல்லாரும் எழுந்திருங்க! உக்காருங்க! டீ வந்தாச்சு!"

டீ வரவில்லை. அந்தப் பொய்க்கு மன்னிப்பு உண்டு என்று நினைக்கிறேன். ஒவ்வொருவராகத் தூக்கி உட்காரவைத்தேன். தையல்காரம்மாவுக்கு ஆக்சிஜன் குழாயை மாட்டினேன்.

"ஏன் எழுப்பிட்டீங்க?" என்று அவர் அழாத குறையாகக் கேட்டார். "எவ்வளவு நல்லா இருந்துச்சு. தொணைக்கு யாரோ இருக்கற மாதிரி."

"ஆறு பேரு படுத்திருக்கீங்க, தொணைக்கு என்ன பஞ்சம்?"

கணக்கு வாத்தியார் கண்ணாடியைத் தேடி மாட்டினார். "ஆறுதான். ஆனா தெனமும் நான் எண்ணுறது ஏழு. தவளையார விட்டுட்டு எண்ணுனாலும் ஏழு."

"என்னையும் சேத்து எண்ணியிருப்பீங்க."

"நீங்க இன்னிக்குத்தானே மத்தியானம் இருக்கீங்க," என்றார்.

அவரோடு வாதாட எனக்கு நேரமில்லை. சமையல்காரியைக் கூப்பிட்டுக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, தவளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். கையில் இருக்கும்போது அதன் தொண்டையில் மிச்சமிருந்த காற்று மெல்ல வெளியேறி, கீழ்ச் சுரம் நீளமாக ஒலித்துக்கொண்டே வந்தது.

மெக்கானிக் பட்டறையில் இருந்தாள். தவளையை மேஜையில் வைத்தேன்.

"இதோட அளவு எங்க எடுத்தே?"

"ஏன், ரிப்பேரா?"

"எங்க எடுத்தேன்னு கேட்டேன்."

அவள் இழுப்பறையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட காகிதச் சுருளை எடுத்தாள். நீட்டிக் காட்டினாள். பென்சில் கோடு அலை அலையாக ஏறி இறங்கியது, நடுநடுவே நேர்கோடு. "அம்மாகிட்டதான். அன்னிக்கு மத்தியானம். எட்டு மாசத்துல அவங்க அப்படி மூச்சு விட்டு நான் பாத்ததே இல்ல. இந்த நேர்கோட்டப் பாருங்க. எவ்வளவு அமைதி! இதுதான் நல்ல மூச்சுன்னு எடுத்து வெச்சேன்."

"அது நல்ல மூச்சு இல்ல. போறவங்க மூச்சு."

அவள் என்னையே பார்த்தாள். "நிம்மதியா தூங்கறாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். எல்லார்கிட்டயும் சொல்றதுதான். தூக்கம் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காகிதத்தைச் சுருட்டினாள், சுருட்டிக்கொண்டிருக்கும்போதே கை நின்றது. "தம்பி," என்றாள்.

வீடு பத்தடி தூரம்தான். எழுபது வயது முழங்காலோடு நானும் ஓடினேன். பகல் நேரத்திலும் படுக்கத் தொடங்கியிருந்தான் அவன். நல்ல முன்னேற்றம் என்று முந்தின நாள்தான் அவள் சந்தோஷப்பட்டிருந்தாள். உள் அறையில் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் முதல் தவளை பாடிக்கொண்டிருந்தது. அவன் மல்லாந்து கிடந்தான். முகத்தில் சுருக்கமே இல்லை, இஸ்திரி போட்ட மாதிரி. வலது கை விரல்கள் போர்வை ஓரத்தைச் சின்னச் சின்ன மடிப்பாக மடித்து விட்டு, மறுபடி மடித்துக்கொண்டிருந்தன.

மெக்கானிக் என் கையைப் பிடித்தாள். அம்மாவின் கை கடைசி இரண்டு நாள் இப்படித்தான் போர்வையை மடித்தது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். அவன் பார்க்கவில்லை, அவன் அப்போது லாரியில் இருந்தான்.

தவளையின் தொண்டை வற்றியது. அவன் நெஞ்சும் வற்றியது. விரல்கள் நின்றன. நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இருபத்திரண்டில் தவளை துளி உப்பியது. அவன் உப்பவில்லை. தவளை இரண்டாவது மூச்சை இழுத்தது. மூன்றாவதில் விக்கியது. நான்காவது மூச்சுக்குக் கண் பிதுங்கியது. அவன் அப்படியே கிடந்தான், உதடு மட்டும் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

"டேய்!" என்று அக்கா கத்தினாள்.

கத்தினால் கேட்கிற இடத்தில் அவன் இல்லை. நான் கட்டில்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, கைமுட்டியால் அவன் நெஞ்செலும்பில் அழுத்தித் தேய்த்தேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, வலிக்கும், வலிக்கத்தான் வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று. கதவை உடைத்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது. எழுந்து உட்கார்ந்து இருமினான். கண்ணில் தண்ணீர்.

"ஏன்க்கா எழுப்புனே?" என்றான் மூச்சு வாங்கியபடி. "அம்மா இப்பதான் வந்து உக்காந்தாங்க."

"எங்கடா?"

அவன் கட்டிலின் கால்மாட்டைக் காட்டக் கையைத் தூக்கினான். காட்டாமல் இறக்கிவிட்டான். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் ஸ்டூலுக்குப் போய்க் கம்பியைப் பிடுங்கினேன்.

"அது அம்மாதான்னு உனக்குத் தெரியுமா?" என்று அக்கா கேட்டாள்.

"மொத நாளே தெரியும். மூணாவது மூச்சுல ஒரு விக்கல் வருமே. மாடிப்படி ஏறும்போது அம்மாவுக்கு அப்படித்தான் வரும்."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"சொன்னா எடுத்துடுவே." அவன் அவளைப் பார்க்காமல் பேசினான். "நீ கடைசி வரைக்கும் பக்கத்துல இருந்தே. நான் ஒரு ராத்திரி லேட்டு. இது ஓடும்போது நான் வந்து சேந்துட்ட மாதிரி இருக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் வந்து சேர்றேன். இதாவது எனக்கு இருக்கட்டும்க்கா."

 அக்காவுக்கும் அது வேண்டும். காகிதச் சுருள் இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"இங்க பாரு தம்பி," என்றேன். "அம்மா பக்கத்துல உக்காரணுமா, உக்காரு. கூடவே கெளம்பாதே. இன்னும் நாலு நாள் இது ஓடியிருந்தா உன் விரிப்ப நான்தான் மாத்தியிருப்பேன். மாத்திட்டு உங்கக்காகிட்ட, நிம்மதியா தூங்கறான்னு சொல்லியிருப்பேன்."

அவன் தன் வலது கையைப் பார்த்தான். போர்வை ஓரத்தில் மடிப்புகள் வரிசையாக இன்னும் நின்றுகொண்டிருந்தன. எப்போது மடித்தோம் என்று அவனுக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளங்கையால் அவற்றைத் தேய்த்துச் சமப்படுத்தினான்.

"அப்ப நான் எப்படித் தூங்கறது?" என்றான்.

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அன்றைக்கே செய்ய நேரமில்லை, கூடத்தில் ஆறு பேருக்கு மானி மாட்டி மணிக்கொரு தரம் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு தவளைகளிலிருந்தும் தட்டைக் கழற்றச் சொல்லிவிட்டுப் போனேன். அன்று அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான். கூடத்தில் ஐந்து பேர் பழைய மூச்சுக்குத் திரும்பினார்கள். தையல்காரம்மா மட்டும் விளக்கு அணைக்கும் நேரம்வரை மூன்றாவது மூச்சில் 'ம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அதுவும் போய்விட்டது.

மறுநாள் காலை ஆறரைக்குப் பட்டறைக்குப் போனேன். கட்டுப்போடும் எலாஸ்டிக் துணியால் மெக்கானிக்கின் வயிற்றில் குச்சியைக் கட்டினேன், நுனியில் பென்சில்.

"இறுக்காதீங்க பெரியக்கா. நான் என்ன ஒடஞ்ச காலா?"

"பேசாதே. பேசினா கோடு கெட்டுடும். அரத்த எடு, ஒரு நாக்க எடு, உன் வேலயப் பாரு."

"எந்தச் சுரம்?"

"எனக்கென்ன தெரியும்? எதையாவது ராவு. நீ ராவும்போது விடற மூச்சுதான் வேணும். இந்த இல்லத்துல அதவிட நல்ல மூச்சு இன்னொண்ணு இல்ல. பத்தொம்பது வருஷமா பாக்கறேன்."

காகிதத்தை இழுக்க ஒரே வேகம் பிடிக்கும் கை வேண்டும். தம்பியை உட்காரவைத்தேன். எட்டு நாள் லாரியை ஒரே வேகத்தில் ஓட்டுகிறவனுக்கு அது பெரிய வேலையில்லை. சிவந்த கண்ணோடு, தலை ஆடினாலும் கை ஆடாமல் இழுத்தான். அக்கா முதலில் எங்களுக்காக மூச்சு விட்டாள், கோடு பொய்யாக விழுந்தது. சிறிது நேரத்தில் எங்களை மறந்துவிட்டாள். பென்சில் மெதுவாக ஏறியது, மெதுவாக இறங்கியது. அவன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நெஞ்சும் அதனோடு போகத் தொடங்கியதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

பழைய தட்டு இரண்டும் மேஜை ஓரத்தில் இருந்தன. எடுத்து என் பையில் போட்டேன்.

"எரிக்கப் போறீங்களா?" என்று அவன் மெல்லக் கேட்டான்.

"எதுக்கு எரிக்கணும்? புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கு ஆளுக்கொரு தரம் குடுப்பேன். கண்ண மூடிக்கிட்டு ஓரத்தத் தடவிப் பாக்கட்டும். கை தெரிஞ்சுக்கும். அப்புறம் வாய் தப்பாச் சொல்லாது."

அப்போது பென்சில் நின்றது.

மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. காகிதம் மட்டும் அவன் கையில் நகர்ந்துகொண்டிருந்தது, கோடு நேராக நீண்டது. அவன் என்னைப் பார்த்தான். நான் அவள் நெஞ்சைப் பார்த்தேன். மூன்று, நான்கு, ஐந்து என்று எனக்குள் எண் ஓட ஆரம்பித்தது. அவள் தலை குனிந்திருந்தது.

"அக்கா!" என்றான் அவன்.

அவள் தூரிகையால் கடைசித் துளித் தூளையும் தட்டிவிட்டு நிமிர்ந்து மூச்சு விட்டாள். "என்னடா? தூள் தட்டும்போது அடக்குவேன்னு தெரியாதா?"

"வெட்டு அத," என்றேன்.

அவன் கத்தரியை எடுத்தான். நேர்கோடு ஆரம்பித்த இடத்தில் ஒன்று, முடிந்த இடத்தில் ஒன்று. இரண்டு அங்குலத் துண்டு மேஜையில் விழுந்தது. மிச்ச இரண்டு முனையையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, அலை அலையோடு பொருந்துகிறதா என்று பார்த்து, பசை தடவி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அக்கா அடுத்த தகட்டை எடுத்தாள்.